மற்றப் பிள்ளையின் பெயர்

பண்டத்தரிப்புக்கு அப்பால், தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதுவரை சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் செய்த பிள்ளைகள் வட்டுக்கோட்டைக்கோ யாழ்ப்பாண ரவுணுக்கோ போய்விடுவார்கள். அதிபர் சண்முகநாதன் மாஸ்ரருக்கு அது பெரிய குறை. தன்னுடைய பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு டொக்டர் வரவேண்டும் என்று கல்விக் கந்தோருக்கு நடையாய் நடந்து, அந்த வகுப்பை வாங்கிக்கொண்டு வந்தார்.

உயிரியல் படிக்கச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பராசக்தி. அவளுடைய தகப்பன் பஞ்சலிங்கம் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். மற்றவள் ஞானாம்பிகை. அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய் சின்னத்தங்கம் ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுத்து அவளை வளர்த்தாள். இரண்டு பேரும் பாலர் வகுப்பிலிருந்தே ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள்.

வகுப்பு வந்ததே தவிர, விலங்கியலுக்கு வாத்தியார் வரவில்லை. ஆய்வுகூடம் என்று சொன்னது ஒரு கண்ணாடி அலுமாரியை. தேரை வெட்டிப் பார்க்க வேண்டிய நாட்களில், மீன் ரின் ஒன்றில் மெழுகை உருக்கி ஊற்றி, அதன்மேல் தேரையைக் கிடத்தி, பழைய சவர பிளேட்டால் தாங்களாகவே கீறிப் பார்த்தார்கள். பராசக்தியின் கை நடுங்காது. ஞானாம்பிகை மூக்கைப் பொத்திக்கொண்டு புத்தகத்தை வாசிப்பாள், பராசக்தி வெட்டுவாள். பரீட்சையில் யார் முதல் வருவார்கள் என்பதில் இரண்டு பேருக்கும் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. பராசக்தி ஒரு தரம் படித்ததை ஞானாம்பிகை நாலு தரம் படிக்க வேண்டும்.

பின்னேரங்களில் மருதனார்மடத்துக்கு ரியூசனுக்குப் போவார்கள். ஒரே சைக்கிள். பராசக்தி மிதிப்பாள், ஞானாம்பிகை பின் கரியரில் இருந்து அன்றைய பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். கிடுகுக் கொட்டிலுக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருக்கியடித்து இருப்பார்கள். முன் வாங்குகளில் பெரிய கல்லூரிப் பிள்ளைகள். யாராவது எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால், பராசக்தி, வட்டுக்கோட்டைப் பக்கம் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஞானாம்பிகை மட்டும் பள்ளிக்கூடத்தின் பெயரை முழுதாகச் சொல்வாள். அப்படியொரு பெயரைக் கேள்விப்படாதவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மருத்துவ பீடத்துக்கு எடுபட என்ன புள்ளி வேண்டும் என்பதுதான் அந்தக் கொட்டிலில் எல்லோருடைய வாயிலும் இருந்த கதை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி மிக உயரத்தில் இருந்தது. முல்லைத்தீவு, மன்னார் போன்ற, பள்ளிக்கூட வசதி குறைந்த மாவட்டங்களுக்கு அது எவ்வளவோ குறைவு. அங்கேயே சில வருடம் படித்த பிள்ளைகளுக்காக ஒதுக்கிய இடங்கள் அவை. இங்கிருந்து எடுபட முடியாது என்று கண்ட சிலர் கடைசி நேரத்தில் அங்கே போய், அங்கேயே படித்ததாகப் பதிவு வாங்கிப் பரீட்சை எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்.

பரீட்சைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கையில் ஒருநாள் சண்டிலிப்பாயில் சைக்கிள் சங்கிலி கழன்றது. மதகில் குந்தியிருந்து அதைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஞானாம்பிகை விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய மாமா சீவரத்தினம் முல்லைத்தீவில் வயல் செய்கிறவர். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் கதைத்து எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். பத்தாம் வகுப்பிலிருந்தே அவள் அங்கு படித்ததாகப் பதிவு போடுவார்களாம். அடுத்த கிழமை போகப்போகிறாள்.

பராசக்தி கையில் எண்ணெய்க் கறுப்போடு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது பொய்யெல்லோ?"

"பொய்தான். எனக்கு இங்கையிருந்து கிடையாது, பராசக்தி. அம்மாவின்ரை கண்ணும் இப்ப சரியில்லை. எவ்வளவு காலத்துக்குத் தைப்பா?" பிறகு கொஞ்சம் தயங்கி, "நீயும் வாவன். மாமா வீட்டிலை இடம் இருக்கு. நான் கேட்டால் மாமா மாட்டனெண்டு சொல்ல மாட்டார்" என்றாள்.

"எனக்கு உந்தக் குறுக்கு வழி தேவையில்லை. நான் இங்கையிருந்தே எடுப்பன்."

ஞானாம்பிகையின் முகம் சுருங்கிப்போயிற்று. அது பராசக்திக்குப் பிடித்திருந்தது. மிச்ச வழி முழுவதும் இரண்டு பேரும் பாடம் சொல்லவில்லை.

ஆனாலும் பகை என்று எதுவும் வரவில்லை. விடுமுறைக்கு ஞானாம்பிகை வந்த நேரமெல்லாம் பராசக்தி தன்னுடைய ரியூசன் நோட்ஸைக் கொடுத்தாள். விளங்காத இடங்களை இருந்து சொல்லிக் கொடுத்தாள். தன்னைவிடக் கீழே நிற்கிறவளுக்குக் கொடுப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

பெறுபேறு வந்தபோது பராசக்தியின் புள்ளி ஞானாம்பிகையுடையதைவிட முப்பதுக்கு மேல் கூட இருந்தது. சண்முகநாதன் மாஸ்ரர் வீட்டுக்கே வந்து பஞ்சலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முந்தின வருடத்து வெட்டுப்புள்ளியை வைத்துப் பார்த்தால் இடம் நிச்சயம் என்றார். அடுத்த சில மாதங்கள் ஊரில் பராசக்தியை எல்லோரும் டொக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு வெட்டுப்புள்ளி வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்த வருடம் இன்னும் ஏறியிருந்தது. பராசக்தி மூன்று புள்ளியால் தவறினாள். ஞானாம்பிகை முல்லைத்தீவிலிருந்து எடுபட்டாள்.

சின்னத்தங்கம் கற்கண்டோடு பராசக்தி வீட்டுப் படலையைத் திறந்து வந்தாள். இந்த வீட்டில் இழவு விழுந்ததுபோல இருக்கிறது என்று தெரிந்ததும் கற்கண்டைக் கொடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். பராசக்தியின் தாய் பூரணம்தான் கையை நீட்டி வாங்கினாள். மறுநாள் ஞானாம்பிகை வந்தாள். பராசக்தி, தான் தலை முழுகுவதாகச் சொல்லச் சொல்லிவிட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். வெளியே அம்மாவும் அவளும் தணிந்த குரலில் கதைத்தது கேட்டது. நெடுநேரம் காத்திருந்துவிட்டு ஞானாம்பிகை போய்விட்டாள்.

டொக்டர் என்று கூப்பிட்டவர்கள் இப்போது பாவம் என்றார்கள். பராசக்திக்கு அதைக் கேட்க உடம்பு கூசியது. சந்தைக்குப் போவதை விட்டாள், கோயிலுக்குப் போவதை விட்டாள். தன்னைவிட முப்பது புள்ளி குறைவாக எடுத்தவள், தேரையை வெட்டப் பயந்தவள், வெள்ளைக் கோட்டுப் போடப்போகிறாள் என்ற ஒரே நினைப்பு அவளைப் போட்டுத் தின்றது. அந்தக் கோபத்தை யாருக்கும் காட்டவும் முடியவில்லை. கேட்டால், ஞானா நல்லாயிருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அதிபர் அவளைச் சும்மா இருக்க விடவில்லை. இரண்டாம் முறை எடுக்கச் சொன்னார். வீட்டில் அடைந்து கிடக்காமல் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து சின்ன வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கச் சொன்னார். அவள் போனாள்.

அப்படிப் போய்வந்த நாட்களில் ஒருநாள் வெண்கட்டி எடுக்க அதிபரின் அறைக்குப் போனாள். அரைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஒரு பெரிய மனிதர் பேசுகிற சத்தம். விசாரணைக்கு வந்த கல்வி அதிகாரி. முல்லைத்தீவில் சில பெற்றோர்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்களாம், தங்கள் பிள்ளைகளுக்குரிய இடத்தை வெளியாட்கள் எடுத்துவிட்டார்கள் என்று. ஞானாம்பிகையின் பெயரும் அதில் இருக்கிறது. அவள் ஒன்பதாம் வகுப்போடு இங்கிருந்து விலகியது உண்மைதானா என்று அவர் கேட்டார்.

"ஓம், ஒன்பதாம் வகுப்போடை விலகின பிள்ளைதான்" என்றார் சண்முகநாதன் மாஸ்ரர். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத குரல். பழைய வரவு இடாப்புகள் மாரி மழையில் நனைந்து பழுதாய்ப் போய்விட்டன என்றும் சொன்னார்.

பராசக்தி வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். திரும்பிப் போயிருக்கலாம். வெண்கட்டி இல்லாமலும் அன்று பாடம் நடத்தியிருக்கலாம். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி நரைத்த தலையோடு களைத்துப்போன மனிதராக இருந்தார். இவ ஆர் என்று மரியாதைக்குக் கேட்டார். சண்முகநாதன் மாஸ்ரருக்கு அந்த நேரத்திலும் தன்னுடைய பெருமையை அடக்கத் தெரியவில்லை.

"எங்கடை பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சேர். போன முறை பயோ எடுத்து மூண்டு புள்ளியாலை மெடிசின் தவறிப்போச்சு. உபகரணம் ஒண்டும் இல்லாமல் படிச்ச பிள்ளை."

அதிகாரி அவளை இரக்கத்தோடு பார்த்தார். இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து அவ்வளவு எடுத்தது பெரிய காரியம் என்றார். பிறகு, அதே இதமான குரலில், "உம்மோடை பயோ வகுப்பிலை எத்தினை பேர் படிச்சவை?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர், சேர்."

"மற்றது ஆர்?"

சண்முகநாதன் மாஸ்ரர் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அதிகாரி கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்திருப்பார். பராசக்திக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. எந்தப் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது தெரிந்தது. வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால், கலியாணம் கட்டிப் போய்விட்டாள் என்றால், அந்த மனிதர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்பதும் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. தடுமாறவும் இல்லை.

"ஞானாம்பிகை, சேர்" என்றாள். அதோடு நிற்காமல், "சின்னத்தங்கம் அக்காவின்ரை மகள். போன வருசம் தொடங்கேக்கைதான் முல்லைத்தீவுக்குப் போனவ" என்றும் சொன்னாள்.

வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பலகையில் இலையின் குறுக்குவெட்டுமுகத்தை வரைந்தாள். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். மணி அடித்ததும் பலகையை அழித்தாள்.

ஞானாம்பிகையின் அனுமதி இரத்தாகிவிட்டது என்ற செய்தி சில கிழமைகளில் வந்தது. ஊர் தன்னை நாலு கேள்வி கேட்கும் என்று பராசக்தி காத்திருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. சண்முகநாதன் மாஸ்ரர் தன்னைத்தான் நொந்துகொண்டார். அந்தப் பிள்ளைக்கு உள்ளே நடந்த கதை தெரியாது, வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் அவளை அதிகாரிக்கு அறிமுகப்படுத்தியது நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். தெரியாமல் சொல்லிவிட்டாள், பாவம், கள்ளம் கபடம் இல்லாத பிள்ளை என்றது ஊர்.

அதைவிட மோசமானது சின்னத்தங்கம் வந்ததுதான். அழுது வீங்கிய கண்ணோடு வந்து, கட்டிலில் சுருண்டு கிடந்த பராசக்தியின் தலையைத் தடவினாள்.

"நீ ஏன் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாய்? உனக்கு என்ன தெரியும். கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னாய். எங்கடை விதிக்கு நீ என்ன செய்வாய்?"

பராசக்தி தலையணையில் முகத்தைப் புதைத்தாள். அந்தக் கை எப்போது தலையிலிருந்து எடுபடும் என்றுதான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் இருந்தது. அவள் அழுதாள். அழுததைப் பார்த்து அந்தத் தாய் இன்னும் இரங்கினாள்.

ஞானாம்பிகை மட்டும் வரவில்லை.

இரண்டாம் முறைக்குப் பராசக்தி வெறிபிடித்தவள்போலப் படித்தாள். யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஆமி ஷெல் அடிக்கிற நாட்களில் ரியூசன் கொட்டில் மூடிக்கிடந்தது. அவள் தோட்டத்துக் கொட்டிலில் இருந்து படித்தாள். முன்பு பாடமாக்கியதை யாருக்காவது சொல்லிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. இப்போது சொல்லக் கேட்கிறவர் இல்லை. மருதனார்மடத்துக்குப் போகும்போது பின் கரியரில் புத்தகப் பையைக் கட்டினாள். ஒரு தரம் ஒழுங்கையில் ஞானாம்பிகை எதிரே வந்தாள். பராசக்தி சைக்கிளைத் திருப்பி, வேறு வழியால் சுற்றிப் போனாள். படித்துக்கொண்டிருக்கும்போதே முகம் சூடாகி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடப்பாள். களைப்பு என்று அம்மா நினைத்து முட்டைக்கோப்பி அடித்துக் கொடுப்பாள்.

இம்முறை வெட்டுப்புள்ளியைத் தாண்டி எடுபட்டாள். எண்பத்தேழாம் ஆண்டு, இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து சண்டை நின்றிருந்த அந்தச் சில கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டு, நாதஸ்வரமும் பிடித்திருந்தார்கள். பராசக்திக்கு மாலை போட்டார்கள். சண்முகநாதன் மாஸ்ரர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கண்கலங்கப் பேசினார். இந்தப் பிள்ளையின் கெட்டித்தனத்தை எல்லோரும் சொன்னார்கள் என்று தொடங்கினார். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது அவளுடைய நேர்மையை. பொய் பேசத் தெரியாத பிள்ளை என்பது எனக்கு நேரிலே தெரியும், அதற்கு நான் சாட்சி என்றார். சபை கை தட்டியது. முன் வரிசையில் பூரணம் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பராசக்தி நன்றியுரை சொல்ல எழுந்தாள். நாலு வரி எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தாள். அதைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு இருந்துவிட்டாள். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் அவள் ஞானாம்பிகை வீட்டுக்குப் போனாள். சின்னத்தங்கம் கோயிலுக்குப் போயிருந்தாள். ஞானாம்பிகை தாயின் தையல் மெசினில் இருந்து பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். பராசக்தியைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்தினாள். வா என்றாள். இரு என்று சொல்லவில்லை.

பராசக்தி வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அண்டைக்கு நான் வெளியிலை நிண்டு எல்லாத்தையும் கேட்டனான். தெரிஞ்சுதான் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"சண்டிலிப்பாயிலை வைச்சு எல்லாத்தையும் உனக்குத்தானே சொன்னனான். வேறை ஆருக்குச் சொன்னனான்? நீ தெரியாமல் சொல்லியிருக்க ஏலாது." ஞானாம்பிகை துணியில் நூலைக் கடித்து அறுத்தாள். "அம்மாவுக்கு நான் சொல்லேல்லை. தெரிஞ்சால் அவவாலை தாங்கேலாது. என்னையில்லை, உன்னை நினைச்சு."

பராசக்தி மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் வந்தாள். அதைக் கேட்கவில்லை. ஞானாம்பிகையே தொடர்ந்தாள். தான் போன அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இருந்தாளாம். காட்டு வழியால் இரண்டு கட்டை தூரம் நடந்து வந்து படிப்பாளாம். மாரி வெள்ளத்தில் சட்டையைப் பிழிந்து உடுத்துக்கொண்டு இருப்பாளாம். தனக்கு அடுத்த புள்ளி அவளுக்குத்தான். தன்னுடைய இடம் இரத்தான பிறகு அது அவளுக்குக் கிடைத்துவிட்டதாக மாமா சொன்னாராம்.

"நான் அவளின்ரை இடத்தைத்தான் களவெடுத்தனான். அவளோடை ஒரே வாங்கிலை இருந்துகொண்டு" என்றாள். "அதை நினைச்சால் எனக்கு வெக்கம். ஆனால் நீ அவளுக்காகச் சொல்லேல்லை, பராசக்தி. அதையும் நான் சொல்லாமல் விடேலாது."

"ஓம்" என்றாள் பராசக்தி. "அவளுக்காக இல்லை."

"திரும்ப எடுக்கச் சொல்லி அதிபர் ஒற்றைக் காலிலை நிண்டவர். எனக்கு மனமில்லை. முல்லைத்தீவிலை சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கக் கேக்கினம். தை மாதம் போறன்." அவள் துணியை மறுபடியும் ஊசிக்குக் கீழே வைத்தாள். "அம்மா வாற நேரம். நீ இப்பிடி நிக்கிறதைக் கண்டால் கேள்வி கேப்பா. போ."

பராசக்தி போனாள். படலையைச் சாத்தும்போது மெசின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பூரணம் பின் விறாந்தையில் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். விழாவைப் பற்றியும் அதிபரின் பேச்சைப் பற்றியும் இன்னும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பராசக்தி பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்றது, கேட்டது, உள்ளே போனது, சொன்னது. பூரணத்தின் கை பாதிக் கட்டில் நின்றுபோயிற்று. அவள் மகளைப் பார்க்கவில்லை.

"உன்ரை ஐயாவுக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. உதை இனி ஒருத்தரிட்டையும் கதையாதை."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. மிச்ச வெங்காயத்தைக் கட்டி முடித்தாள்.

அந்தக் கிழமையே சின்னத்தங்கம் வந்தாள். பராசக்தி மருத்துவ பீடத்துக்குப் போகும்போது போட, ஒரு சட்டை தைத்துத் தர விரும்புவதாகவும், அளவு எடுக்க வந்ததாகவும் சொன்னாள். பராசக்தி கையை விரித்து நின்றாள். அந்தத் தாய் நாடாவைத் தோளில் வைத்து, கண்ணை இடுக்கி, அளவு பார்த்தாள். போகிற நேரத்தில் பூரணம் ஓடிப்போய் வெங்காயப் பிடிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். இவ்வளவும் எதற்கு, நாங்கள் இரண்டு பேர்தானே என்று சின்னத்தங்கம் தடுத்தாள். பூரணம் பேசாமல் மறுபடியும் உள்ளே போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தாள். சின்னத்தங்கத்தின் கை நிறைந்து, அவள் கொண்டுவந்த கூடையும் நிறைந்து, ஒரு பிடி வழுக்கி நிலத்தில் விழுந்தது. பூரணம் குனிந்து அதை எடுத்தாள். எடுத்தவள் சின்னத்தங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், அதைக் கூடையின் மேலே வைத்து அழுத்தினாள்.